இனோதோரோ யாருடைய நிரை

உட்கார்ந்து கேளுங்கள், கண்ணுகளா. நின்றுகொண்டு கேட்கிற கதையில்லை இது. உட்கார ஓர் இடம் கேட்டு ஒருத்தி அலைந்த கதை.

கோலா சாவாவுக்குப் போகிற பாதையில், எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டுக்குள்ளே, புக்கிட் தெராத்தாய்த் தோட்டம் என்று ஒன்று இருக்கிறது. முன்பு வரிசை வரிசையாக வீடு கட்டி, லயம் லயமாகச் சனம் வாழ்ந்த இடம். ஆட்கள் பாரோய்க்கும் தெமியாங்குக்கும் குடிபோகப் போக, மிஞ்சியது மேட்டு லயம் ஒன்றுதான். அதில் ஆறு வீடு. மூன்றாவது வீட்டில் பஞ்சாலை இருந்தாள். மரத்தடியில் சிதறுகிற உதிரிப் பழம் பொறுக்குவது அவள் வேலை. அவள் வீட்டுக்காரர் வீரமுத்து குலை வெட்டுகிறவர், அதாவது வெட்டிக்கொண்டிருந்தவர். ஒருநாள் வெட்டிய குலை, விழவேண்டிய பக்கம் விழாமல் அவர் இடுப்பில் விழுந்தது. எலும்பைச் சேர்த்து வைத்து அனுப்பினார்கள். நடக்கிறார், ஒரு கோலை ஊன்றிக்கொண்டு. குந்தத்தான் முடியவில்லை.

லயத்துக்குப் பின்னால் இருந்த பொதுக் கக்கூஸோ குந்துகிற கக்கூஸ். பஞ்சாலை அவரை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். அவரும் கண்ணை மூடிக்கொள்வார். புருஷன் பெண்டாட்டிதான், இருந்தாலும் மனிதனுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறதே. வீரமுத்து அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டே வந்தார். காலையில் ஒரு வாய்க் காப்பி, மாத்திரைக்கு ஒரு மிடறு, அவ்வளவுதான். உதடு வெடித்தது. கிளினிக்கு டாக்டர் பஞ்சாலையைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியே போனால் சிறுநீரகம் காய்ந்துவிடும், பிறகு மெஷினில்தான் போடவேண்டும் என்று சொன்னார்.

வீட்டுக்குள் உட்காருகிற கக்கூஸ் ஒன்று வேண்டும். அவ்வளவுதான் பஞ்சாலையின் தேவை. ஆபீஸ் கணக்கெழுதுகிற கிராணியிடம் கேட்டாள், மானேஜரைக் கேட்கச் சொன்னார். மானேஜரிடம் கேட்டாள், தலைமை அலுவலகத்தைக் கேட்கவேண்டும் என்றார். தலைமை அலுவலகம் ஒருநாள் தானாகவே புறப்பட்டு வந்தது.

அதன் பெயர் சுகுமாறன். குடியிருப்பு நலப் பிரிவின் அதிகாரி. விடியுமுன் ஆபீஸ் வாசலில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டுக்கு வந்து, விளக்கு வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற இடமாகப் பார்த்து நின்றார்.

"நம்ம எண்ணெய வாங்குற சோப்புக் கம்பெனி ஸ்பெயின்ல இருக்கு," என்று தொடங்கினார். "தொழிலாளிங்க வீட்ல குளியலறை இருக்கான்னு பாக்க ஆள் அனுப்பறாங்க. இருக்குன்னு தொழிலாளியே அவங்க மொழியில சொல்லணும். குளியலறை கட்டணும்னா ஒரு வருஷம் ஆகும். சொல்லிக் குடுக்க ஒரு மாசம் போதும். உங்க நன்மைக்காக நிர்வாகம் சீக்கிரமான வழிய எடுத்திருக்கு."

டிராக்டர் ஓட்டுகிற மகேந்திரன் மட்டும், முதலில் சாமானைக் கொடுத்துவிட்டு அப்புறம் பெயரைச் சொல்லிக்கொடுக்கக் கூடாதா என்று கேட்டான். அது முறையில்லை என்றார் அதிகாரி. பெயர் தெரியாதவர்கள் கையில் சாமானைக் கொடுத்தால் அதை மதிக்கமாட்டார்களாம். முதலில் வார்த்தை, அப்புறம் வசதி. எந்த வீடு எந்த வார்த்தையைத் தப்பில்லாமல் சொல்கிறதோ, அந்தச் சாமான் அந்த வீட்டுக்கு வரும். வங்காளதேசத்து ஆட்கள் தங்கியிருக்கும் கொங்சிக் கொட்டகைக்கு இந்தத் திட்டம் கிடையாது. அங்கே குளியலறை இருப்பதாக ஏற்கனவே அறிக்கை போய்விட்டது.

பஞ்சாலையின் காதில் கடைசியில் சொன்னது விழவே இல்லை. வார்த்தையைச் சொன்னால் சாமான் வரும் என்றதோடு அவள் மனம் வீட்டுக்கு ஓடிவிட்டது. சீனமாவது, ஸ்பெயினாவது. சொல்லிவிட்டால் போகிறது.

பாடம் நடத்தும் பொறுப்பு, வேலையில் ஆட்களை மேய்க்கிற மாயாண்டி மண்டோரிடம் கொடுக்கப்பட்டது. அவருக்குப் பாடம் நடத்தத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது நிரை பிரிப்பது. ஆகவே ஆறு வார்த்தையையும் ஆறு நிரையாகப் பிரித்து, மேலே இருந்து கீழே வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார். முதல் வீடு கோயில் செயலாளர் திருநாவுக்கரசு: முகம் கழுவுகிற பேசின், லவாபோ. இரண்டாவது வீடு மங்கம்மா: உட்காருகிற கக்கூஸ், இனோதோரோ. மூன்றாவது பஞ்சாலை: கண்ணாடி, எஸ்பேஹோ. நாலாவது மகேந்திரன்: குழாய், கிரிஃபோ. ஐந்தாவது லோகேஸ்வரி: படுத்துக் குளிக்கிற தொட்டி, பஞ்ஞேரா. கடைசி வீடு மாயாண்டியே: தலைக்கு மேலே தண்ணீர் கொட்டுகிற துச்சா.

ஒரு வீடு தள்ளி விழுந்துவிட்டது அதிர்ஷ்டம்.

நிரை என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லவேண்டும். ரப்பர் காலத்திலிருந்து வருகிற சட்டம் அது. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் அந்தச் சட்டம் போகவில்லை. மரவரிசை ஒன்று உனக்கென்று பிரிந்துவிட்டால், அதில் விழுகிற பழம் உன்னுடையது, அதில் கடிக்கிற கொசுவும் உன்னுடையது. அடுத்தவர் கால் வைக்கமாட்டார். அடுத்த நிரையில் கிடந்த ஓர் உதிரிப் பழத்தைக் குனிந்து எடுத்ததற்காக அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று, தம்பியைச் சுடுகாட்டுக்குத் தூக்கும்போதுதான் அண்ணன் தோள் கொடுத்த கதையெல்லாம் அந்தத் தோட்டத்தில் உண்டு. இப்போது வார்த்தை நிரையாகிவிட்டது. அடுத்த வீட்டு வார்த்தையை வாயில் எடுக்க ஒருவரும் துணியவில்லை.

தினமும் பெரட்டில், பேர் கூப்பிட்டு முடிந்ததும், மாயாண்டி இரண்டாவது பெரட்டை நடத்தினார்.

"லவாபோ!"

"இருக்கேன்," என்றார் திருநாவுக்கரசு.

"கிரிஃபோ!"

"இருக்கேன் மண்டோரே," என்பான் மகேந்திரன். பிறகு பக்கத்தில் திரும்பி, "நான் கொழாயாம்லா அக்கா. நல்லவேள, தண்ணி வராத கொழாய். இல்லாட்டி வாய மூடியிருக்கமாட்டேன்," என்பான்.

"இனோதோரோ!"

மங்கம்மா தலையைக் குனிந்துகொண்டு, தொண்டைக்குள்ளேயே, "ம், இருக்கேன்," என்பாள். கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுக்கிறவள் அவள். விடிந்தும் விடியாமலும் குளித்து நெற்றி நிறைய விபூதியோடு வந்து நிற்கிறவளைக் கக்கூஸே என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? பாவம், மாயாண்டிக்கும் அந்த வார்த்தை வரும்போது குரல் இறங்கிவிடும்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மங்கம்மாவே பஞ்சாலை வீட்டுக்கு வந்தாள். "அடியே, முருகா முருகான்னு சொல்ற வாயில நான் இதச் சொல்லவா? ஒனக்குத்தானே அது தேவ. எடுத்துக்கடி. கண்ணாடிய எனக்குக் குடு," என்றாள். பஞ்சாலைக்கு அழுகை வந்துவிட்டது. இருவருமாக ஆபீசுக்குப் போய், அதிகாரி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

சுகுமாறன் கனிவாகத்தான் பேசினார். "கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சும்மா. மங்கம்மா வீடுன்னா கழிப்பறை, பஞ்சாலை வீடுன்னா கண்ணாடி. இப்ப மாத்தினா, கழிப்பறை இருந்த எடத்துல கண்ணாடி காட்டும்."

"இப்ப அங்க கழிப்பறையே இல்லையே சார்," என்றாள் பஞ்சாலை.

"இல்லாதத எப்படிம்மா மாத்துறது?"

இருவரும் யோசித்தார்கள். அவர்கள் யோசிப்பதைப் பார்த்து அதிகாரிக்கே மனம் இளகிவிட்டது. உண்மையான தேவை இருக்கிறவர்களை நிர்வாகம் கைவிடாது என்றார். மாதக் கடைசியில் ஒத்திகைப் பரீட்சை இருக்கிறது. படம் காட்டிக் கேட்பார். அதில் பஞ்சாலை தன் தேவையைக் காட்டிக்கொண்டால், விசேஷப் பரிந்துரை எழுதுவார்.

அதற்குள் இரண்டாம் பாடம் வந்தது. வீட்டு அறைகள். சோப்புக் கம்பெனியின் கணக்கில் ஒரு வீடு என்றால் ஆறு இடம் இருக்கவேண்டும். லயத்து வீட்டில் முன்னறை, பின்னறை என்று இரண்டுதான். இதற்காக நிர்வாகம் கலங்கவில்லை. மஞ்சள் பெயிண்ட் டின்னோடு இரண்டு ஆட்களை அனுப்பி, வீட்டுக்கு வீடு தரையில் கோடு போட்டது. அடுப்பு இருந்த மூலை கொசினா, சமையலறை. அதை ஒட்டிய நாலு சாண் இடம் கொமெதோர், சாப்பிடும் அறை. வாசல் பக்கம் சாலா, வரவேற்பறை. அரிசி வாளி இருந்த இடம் அலுவல் அறை. ஒழுகுகிற கூரைக்கு நேர் கீழே தோர்மித்தோரியோ, படுக்கையறை. மிச்சமிருந்த நடுப்பகுதி பசீயோ, நடைவழி. வீரமுத்துவின் கட்டில் அந்த நடைவழியில் இருந்தது.

கோடுகளைப் பார்வையிட வந்த சுகுமாறன், கட்டிலைப் பார்த்து நின்றுவிட்டார். நடைவழியில் ஆள் படுத்திருந்தால் அது நடமாட்டத்துக்கு இடைஞ்சல், பாதுகாப்புக் குறைபாடு என்று எழுதவேண்டியிருக்கும் என்றார்.

வீரமுத்து படுத்தபடியே, "இந்த வீட்ல நடக்குறது இவ ஒருத்திதான் சார். அவளுக்கு நான் இடைஞ்சல் இல்ல," என்றார். பிறகு ஏதோ அதிகமாகப் பேசிவிட்டவர்போல் வாயை மூடிக்கொண்டார்.

கட்டிலைப் படுக்கையறைக்குத் தள்ளினார்கள். அன்று சாயங்காலம் மழை. பஞ்சாலை அலுவல் அறையிலிருந்த வாளியை, அரிசியை மாற்றிவிட்டுக் கொண்டுவந்து அவர் கால்மாட்டில் வைத்தாள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதை அவர் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். குடிக்கத் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தார்.

பரீட்சை நாளும் வந்தது. ஆபீஸ் வாசலில் ஆறு பேரையும் வரிசையாக நிறுத்தி, சுகுமாறன் அட்டையில் ஒட்டிய படங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். பஞ்சாலையின் முறை வந்தபோது, பரிந்துரை எழுதவேண்டும் என்ற நல்லெண்ணத்தோடுதான், கண்ணாடிப் படத்தைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். வெள்ளை வெளேரென்று, மூடி திறந்தபடி, உட்கார் என்று கூப்பிடுவதுபோல் ஒரு கக்கூஸ்.

"இது என்னா?"

அந்த வார்த்தை அவளுக்குத் தெரியாதா? பழம் பொறுக்கும்போது அவள் நெஞ்சு அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். உலை வைக்கும்போதும் அதுதான். இப்போது வாயைத் திறந்தால் போதும். ஆனால் பக்கத்தில் மங்கம்மா நிற்கிறாள். அவளுடைய நிரை. அவள் எடுத்துக்கொள் என்று சொன்னது நிஜம். ஆபீஸ் கூடாதென்று சொன்னதும் நிஜம். பிரிவினை மாறவில்லை என்றால் நிரையும் மாறவில்லை. மண்டோர் பார்க்க, லயமே பார்க்க, அடுத்தவர் நிரையில் கால் வைப்பதா? ஓரக்கண்ணால் மங்கம்மாவைப் பார்த்தாள். மங்கம்மா வழக்கம்போல அந்தப் படத்தைப் பார்க்கக் கூசித் தலையைக் குனிந்திருந்தாள்.

"தெரியலையா?" என்றார் சுகுமாறன். "நல்லா பாத்துச் சொல்லுங்க."

பஞ்சாலை பேசவில்லை.

அதிகாரி வருத்தத்தோடு எழுதினார். எழுதியதை வாய்விட்டும் படித்தார், ஒளிவுமறைவு இருக்கக்கூடாது என்பது நிர்வாகத்தின் கொள்கை: "மூன்றாம் வீட்டுப் பெண்ணுக்குக் கழிப்பறையை அடையாளம் தெரியவில்லை. அடையாளம் தெரியாத பொருள் தேவைப்பட வாய்ப்பில்லை. கோரிக்கை முடிக்கப்பட்டது."

சாமான்கள் லாரியில் வந்தன. சொன்ன சொல் தவறவில்லை. முதல் வீட்டுக்குப் பேசின். மாட்ட இடம் பார்க்கும்வரை திருநாவுக்கரசு அதைக் கவிழ்த்து வைத்தார். மகேந்திரனுக்கு ஒரு குழாய், அது மட்டும், காகிதத்தில் சுற்றி. லோகேஸ்வரிக்கு வந்த குளியல் தொட்டி வாசலுக்குள் நுழையவில்லை. பக்கவாட்டில் திருப்பினார்கள், நிமிர்த்தினார்கள், கடைசியில் முற்றத்திலேயே விட்டார்கள்; கோழி ஏறி உட்கார்ந்தது. மாயாண்டி துச்சாவை ஆணியில் தொங்கவிட்டார். மங்கம்மா வீட்டு வாசலில் கக்கூஸ் பீங்கான் இறங்கியது. சாமி மாடத்துக்கு நேராக அதை வைக்கமுடியாது என்று, அதன் மேல் பழைய சேலை ஒன்றைப் போர்த்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். பஞ்சாலைக்கு ஆள் உயரக் கண்ணாடி.

சுகுமாறன் வீடு வீடாகப் படம் பிடித்தார். ஆறு படத்தையும் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் ஒரு முழுக் குளியலறை. மேட்டு லயத்துக்குக் குளியலறை வழங்கப்பட்டது என்று அங்கேயே அறிக்கை முடிந்தது. பஞ்சாலை அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: தண்ணீர்க் குழாய் இழுப்பது எப்போது? தண்ணீர் என்ற வார்த்தை இந்த வருஷப் பாடத்தில் இல்லை என்றார்.

கண்ணாடியைக் கட்டிலுக்கு எதிரே சாய்த்து வைத்தார்கள். வேறு இடம் இல்லை. வீரமுத்து அதில் தன்னை வெகுநேரம் பார்த்தார். இடுப்பில் அடிபட்ட பிறகு அவர் தன்னை முழுசாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"யாரு பஞ்சாலை இது?" என்றார். "எங்கப்பன் கடைசியில இருந்த மாதிரி இருக்கான்."

மறுநாள் அவருக்குக் காய்ச்சல். சிறுநீர் காப்பி நிறத்தில் போயிற்று. கிளினிக்கில் டாக்டர் இந்த முறை பஞ்சாலையைத் தனியாகக் கூப்பிடவில்லை. அவர் முன்னாலேயே, இன்னொரு தடவை இப்படி வந்தால் நேரே சிரம்பான் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவேன், திரும்பி வருவது கடவுள் கையில் என்று சொல்லிவிட்டார்.

அவர்கள் கிளினிக்கிலிருந்து திரும்பி மேடேறி வருவதை மங்கம்மா பார்த்தாள். கோலை ஊன்றி ஓர் அடி, நின்று மூச்சுவாங்கி ஓர் அடி. பரீட்சையில் பஞ்சாலை ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாக விளங்கியது. தனக்காக. தன் நிரைக்காக.

நிரைச் சட்டத்தில் ஒரு வாசல் உண்டு, கண்ணுகளா. ஆபீசுக்குத் தெரியாத வாசல். ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால், அவர் அடுத்தவர் வீட்டுக்கு நடந்துபோய், தன் வாயால், "என் நிரையப் பாத்துக் குடு" என்று கேட்கவேண்டும். கேட்டுவிட்டால் மறுக்கக்கூடாது. அன்றைக்கு அந்த நிரையில் கால் வைக்கலாம், கத்தி வைக்கலாம். மண்டோரும் கேள்வி கேட்கமாட்டார்.

மங்கம்மா பஞ்சாலை வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"எனக்கு ஒடம்பு முடியலடி. என் நிரையப் பாத்துக் குடு."

"என்னாக்கா செய்யிது ஒங்களுக்கு?"

"அதெல்லாம் ஒனக்கெதுக்கு? முடியலன்னா முடியல. பாத்துக் குடுப்பியா, மாட்டியா?"

பஞ்சாலை அவளையே பார்த்தாள். பிறகு, "பாத்துக் குடுக்குறேன்க்கா," என்றாள்.

செய்தி லயத்தில் பரவியதும், அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்டு லயத்தில் யாருக்குமே உடம்பு சரியில்லை. லோகேஸ்வரி தலையைப் பிடித்துக்கொண்டு வந்து, தொட்டியைப் பார்த்துக் குடு என்றாள். திருநாவுக்கரசுக்கு முட்டிவலி. மகேந்திரன் சிமெண்டு மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டே வந்து, தனக்கு எழுந்து நடக்கவே முடியவில்லை என்றான். மாயாண்டி கடைசியாக வந்தார். மண்டோர் நோய் என்று வந்து அந்த லயம் பார்த்ததில்லை. "எனக்கும் ஒருமாதிரிதான்லா இருக்கு," என்று சொல்லித் துச்சாவை நீட்டினார்.

பொதுக் கக்கூஸின் குழி பஞ்சாலை வீட்டுப் பின்சுவரை ஒட்டித்தான் இருந்தது. இத்தனை காலம் நாற்றத்தைக் கொடுத்த குழி அன்று உதவியாயிற்று. பின்னறையில் மஞ்சள் கோட்டுக்குள் அடங்கியிருந்த அலுவல் அறையின் தரையை உடைத்துப் பீங்கானைப் பதித்து, பலகையால் தடுப்பும் கதவும் அடித்தார்கள். லோகேஸ்வரியின் தொட்டியைச் சுவருக்கு வெளியே மேடைகட்டி ஏற்றி, வாளிவாளியாகத் தண்ணீர் நிரப்பி, அதிலிருந்து ரப்பர் ஹோஸ் இழுத்து மகேந்திரனின் குழாயை மாட்டினார்கள். பேசினும் கண்ணாடியும் துச்சாவும் அதனதன் இடத்தில் ஏறின. சாயங்காலம் குழாயைத் திறந்தபோது தண்ணீர் வந்தது. யாரும் கைதட்டவில்லை. எல்லாருக்கும் நோய் அல்லவா, அவரவர் வீட்டுக்குப் படுக்கப் போனார்கள்.

வீரமுத்து ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தார். எழுந்து வந்து, "நல்லாத்தான் இருக்கு," என்றார். ஆனால் பஞ்சாலை கொடுத்த தண்ணீரை வாங்கிக் கட்டிலடியில் வைத்துவிட்டார். "பிடுங்கிட்டுப் போயிடுவான்மா. பழகிக்கிட்டு அப்புறம் என்னா பண்றது?"

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. சோதனைக்கு வருகிறவர் வந்துகொண்டிருக்கிறார் என்று செய்தி வந்த நாளன்று, முன்கூட்டியே பார்க்க வந்த சுகுமாறன் வீடு வீடாக நுழைந்து, கொடுத்த சாமானைக் காணாமல் வெளியே வந்தார். மூன்றாவது வீட்டில் எல்லாமே இருப்பதைக் கண்டபோது அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இது திருட்டு," என்றார். "அஞ்சு வீட்டுச் சாமான் ஒரு வீட்ல இருந்தா அதுக்கு வேற பேரு இல்ல. சாயங்காலத்துக்குள்ள பிரிச்சு அங்கங்க வைக்கணும். இல்லாட்டி இந்த வீட்டக் காலி பண்ணச் சொல்லிக் கடிதம் வரும்."

"அதுல தண்ணி வருது சார்," என்றாள் பஞ்சாலை.

"தண்ணி வருதா வரலையாங்கிறது கேள்வியே இல்லம்மா. தனித்தனியா இருந்தா ஆறு வீட்டுக்கு வசதி. ஒண்ணாச் சேத்தா ஒரு வீட்டுக்குத்தான் வசதி. நீங்க அஞ்சு வீட்டு வசதிய அழிச்சிருக்கீங்க."

வெளியே கார் வந்து நின்றது. பிரிக்க நேரமில்லை.

காரிலிருந்து இறங்கியவர் முக்காடு போட்ட ஒரு மலாய்க்கார அம்மா. பெயர் புவான் ரொஹானி. ஸ்பெயின் கம்பெனி தன் சோதனை வேலையை ஒரு கம்பெனியிடம் கொடுக்க, அந்தக் கம்பெனி இன்னொரு கம்பெனியிடம் கொடுக்க, அது இவரிடம் வந்திருந்தது. சொந்த ஊர் கோலா பிலா. ஸ்பெயினைப் படத்தில்கூட அவர் அதிகம் பார்த்ததில்லை. இறங்கியதும் பஞ்சாலையைப் பார்த்து, சௌக்கியமா அக்கா என்று மலாயில் கேட்டார். பஞ்சாலை சௌக்கியம் என்று மலாயில் சொல்ல வாயெடுத்தாள்.

சுகுமாறன் குறுக்கே வந்தார். திட்டப்படி இங்கே ஸ்பானிய மொழியில்தான் பேச்சு. தொழிலாளர்கள் சொல்வதைத் தானே மலாயில் மொழிபெயர்த்துச் சொல்வதாக மிகுந்த பணிவோடு தெரிவித்தார். அவருக்கும் அந்த இரண்டு பாடத்து வார்த்தைக்கு மேல் தெரியாது. புவான் ரொஹானி எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு, சரி, குளியலறையைக் காட்டுங்கள் என்றார்.

காட்டுவதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆறு பேரும், அதிகாரியும், வந்த அம்மாவும் பஞ்சாலை வீட்டுப் பின்னறையில் நெருக்கியடித்து நின்றார்கள். பலகைக் கதவு சாத்தியிருந்தது. கட்டில் காலியாக இருந்ததைப் பஞ்சாலை பார்த்துவிட்டாள்.

"பெரட்டு நடத்துங்க," என்று சுகுமாறன் மாயாண்டியின் காதருகே சொன்னார். "பதில் வராத சாமான் களவு போன சாமான். அப்படித்தான் எழுதுவேன்."

மாயாண்டி தொண்டையைச் செருமினார்.

"லவாபோ!"

"இருக்கேன்," என்றார் திருநாவுக்கரசு.

பேசின் இருக்கிறது என்கிறார் என்று சுகுமாறன் மலாயில் சொன்னார்.

"எஸ்பேஹோ!"

"இருக்கேன்," என்றாள் பஞ்சாலை, கதவின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல்.

"கிரிஃபோ!" இருந்தான். "பஞ்ஞேரா!" இருந்தாள். "துச்சா!" என்று தன்னைத்தானே கூப்பிட்டு, "இருக்கேன்," என்று தானே சொல்லிக்கொண்டார் மாயாண்டி. வரிசையில் விட்டுவைத்தது ஒன்றுதான். அதை எவ்வளவு நேரம் தள்ளிப்போட முடியும்?

"இனோதோரோ," என்றார். குரல் இறங்கியிருந்தது.

மங்கம்மா வாயைத் திறக்கவில்லை. அவள்தான் நிரையைப் பஞ்சாலையிடம் கொடுத்துவிட்டாளே. கொடுத்த நிரைக்குத் தான் பதில் சொல்வது முறையாகாது. பஞ்சாலை சொல்லவேண்டும். பதில் சொன்னால், ஆமாம் என் வீட்டில் இருக்கிறது என்று திருட்டை ஒப்புக்கொண்டதாகும். சொல்லாவிட்டால் களவு போனதாகும்.

சுகுமாறன் பேனாவைத் திறந்தார். "இன்னொரு தடவ கூப்பிடுங்க."

"இனோதோரோ!"

கதவுக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இருக்கேன் மண்டோரே."

குலை விழுந்த நாளோடு பெரட்டிலிருந்து அடித்துவிட்ட பேர் அது. அதற்குமுன் எத்தனையோ விடியலில் அந்தக் குரல் அப்படியே, அதே இழுப்போடு, கடைசி வரிசையிலிருந்து வரும். மாயாண்டியின் உடம்பு அதைத் தானாகவே அடையாளம் கண்டுகொண்டது. அவர் நிமிர்ந்து நின்றார்.

"வீரமுத்து," என்றார். "ஆஜர்."

இதை என்னவென்று மொழிபெயர்ப்பது என்று சுகுமாறனுக்குத் தெரியவில்லை. கழிப்பறை ஆஜர் என்று சொல்லிப் பார்த்தார்.

புவான் ரொஹானி அவர் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளே யார் என்று பஞ்சாலையிடம் மலாயில் கேட்டார். என் வீட்டுக்காரர் என்றாள் பஞ்சாலை. அதோடு நிறுத்த முடியவில்லை அவளால். குலை விழுந்தது, குந்த முடியாதது, டாக்டர் சொன்னது, மஞ்சள் கோடு, எஸ்பேஹோ, மங்கம்மாவின் நோய், எல்லாவற்றையும் சந்தை மலாயில் ஒரே மூச்சாகக் கொட்டித் தீர்த்தாள். அந்த அம்மா கேட்டு முடித்து, முதலில் செய்தது ஒன்றுதான். ஒரு மனிதர் உள்ளே இருக்கும்போது இத்தனை பேர் கதவருகே நிற்பது அழகில்லை, எல்லாரும் தள்ளிப் போங்கள் என்றார். அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து அந்த லயத்துக்குக் கிடைத்த முதல் உத்தரவு மாதிரியான உத்தரவு அது.

முற்றத்துக்கு வந்ததும் சுகுமாறனிடம், இதிலிருந்து ஓர் ஆணியைக்கூடக் கழற்றக்கூடாது, அடுத்த மாதம் மறுபடி வந்து பார்ப்பேன் என்று சொன்னார். மற்ற ஐந்து வீட்டுக்கும் எப்போது என்று கேட்டார். சுகுமாறன் சற்றே யோசித்து, அது மூன்றாம் பாடத்தில் வருகிறது என்றார். அவருடைய அறிக்கையைப் பின்னால் கிராணி படித்துச் சொன்னார். ஆறு வீட்டாரும் குளியலறையில் ஆஜராக இருந்தார்கள், ஆகவே ஆறு குளியலறை என்று அதில் இருந்ததாம்.

கார் போன பிறகு பஞ்சாலை பின்னறைக்கு ஓடினாள். கதவு இன்னும் சாத்தியபடிதான் இருந்தது. உள்ளே குழாய் திறந்தது, தண்ணீர் நிதானமாக விழுந்தது, நின்றது. அவள் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"போயிட்டாங்களா?" என்றார் வீரமுத்து.

"போயிட்டாங்க."

"பிடுங்கலையா?"

"இல்லங்க. பிடுங்கக் கூடாதுன்னு அந்தம்மா சொல்லிடுச்சி."

உள்ளே கோல் தரையில் ஊன்றுகிற சத்தம் கேட்டது.

"அப்ப," என்றார், "ஒரு சொம்பு தண்ணி கொண்டா. பெரிய சொம்புல."